குளிர்காற்றுக் குழாய்க்கு ஒரு குல்லா

"இது என்ன ரூல் ஆன்ட்டி? மனசாட்சியே இல்லாதவங்க எழுதின மாதிரி இருக்கு!"

போன வாரம் ப்ரியா போனில் இப்படித்தான் ஆரம்பித்தாள். ஹலோவும் இல்லை, எப்படி இருக்கீங்களும் இல்லை. நியூ ஜெர்சியில் விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பிரித்துப் பார்த்து, ஏன் நின்றது, எப்படித் தீப்பிடித்தது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை கொடுக்கிற ஒரு சின்ன அலுவலகம். அங்கே நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள். கெட்டிக்காரி. கோபக்காரியும்கூட, என்னைப் போலவே.

"எடிசன்ல ஒரு ஃபேமிலி ஆன்ட்டி, மதுரைக்காரங்க. அந்த அம்மா குமுறிக் குமுறி அழறாங்க. எனக்குத் தமிழ் தெரியும்னு அவங்களுக்கும் தெரியும். நான் பக்கத்துல கல்லு மாதிரி உக்காந்துகிட்டு, போன்ல எவனோ ஒரு இன்டர்ப்ரெட்டர வெச்சு டிரான்ஸ்லேட் பண்ணிட்டு இருக்கேன். இந்த ரூல யார் எழுதினதுன்னு கேட்டா எல்லாரும் உங்க பேரச் சொல்றாங்க!"

"நான்தான் எழுதினேன்."

"அப்ப எடுத்துடச் சொல்றேன்."

"எடுக்காதே."

"ஏன்?"

ஏன் என்று போனில் சொல்லக்கூடிய சமாச்சாரம் இல்லை அது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்படி எழுதியதுதான் இது. விதி இதுதான்: இறந்தவரின் குடும்பத்தாரிடம் பரிசோதகர் தன் தாய்மொழியில் பேசக் கூடாது, அவர்களுக்கு இங்கிலீஷ் வராவிட்டால் வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட வேண்டும். இதற்காகக் கோயில் கேன்டீனில் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். "விஜயா ஆன்ட்டிக்கு ரொம்பத் திமிர், நம்மாளுங்ககிட்டயே இங்கிலீஷ்லதான் பேசும்." பேசிவிட்டுப் போகட்டும்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொள்ளாச்சிக்காரி, கோயமுத்தூரில் மெக்கானிக்கல் படித்தேன், கல்யாணம் ஆகி இங்கே வந்தேன். முதலில் கார் உதிரிபாகக் கடையில் கவுன்டர் வேலை, பிறகு ஒரு டீலரிடம் சர்வீஸ் மேஜை. "ஆம்பளை யாராவது இருந்தாக் கூப்பிடும்மா" என்று சொன்ன வெள்ளைக்காரர்கள் உண்டு. அதையே சொன்ன நம்மாட்களும் உண்டு. அங்கே ஒரு நாள் வண்டி பார்க்க வந்த வால்ட்டர், நான் ஒரு கஸ்டமரோடு போட்ட சண்டையைக் கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, என்னிடம் வேலைக்கு வருகிறாயா என்றார். அப்படித்தான் அந்த அலுவலகத்துக்குப் போனேன்.

வால்ட்டரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். உயரமான மனிதர், எலும்பும் தோலும். எப்போதும் இரண்டு கைகளும் பேன்ட் பாக்கெட்டுக்குள். உடைந்த வண்டி முன்னால் நிற்கும்போது எங்களையும் கையைப் பாக்கெட்டில் போடச் சொல்வார். கை வெளியே இருந்தால் அது எதையாவது தொடும், தொட்டால் நகரும், நகர்ந்தால் அப்புறம் அது எங்கே இருந்தது என்று கடவுளுக்கும் தெரியாது. முதல் சுற்று கண்ணால் மட்டும். வெளியிலிருந்து உள்ளே, அடிபடாத பக்கத்திலிருந்து அடிபட்ட பக்கத்துக்கு. இரண்டாவது சுற்றில்தான் கேமரா, மூன்றாவதில்தான் ஸ்பேனர். நடுவில் யாராவது "இதனாலதான்" என்று வாயைத் திறந்தால் போச்சு. "பார்த்தாயா, நினைத்தாயா?" என்பார். அவ்வளவுதான் கேட்பார், குரலைக்கூட உயர்த்த மாட்டார். ஆனால் கேட்கப்பட்டவன் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டான்.

இன்னொன்றும் சொல்வார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல், சொல்லிவிட்டு வாயை மூடு. கோர்ட்டில் வக்கீல்கள் கேள்வி கேட்டுவிட்டு அடுத்த கேள்வி கேட்காமல் சும்மா நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அந்த அமைதி தாங்காமல் நாம் கூடுதலாக ஒரு வாக்கியம் சொல்வோம். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் நம்மைக் கிழிப்பார்கள். வால்ட்டர் அந்த அமைதியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமே, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல் இருப்பார்.

அவரிடம் நான் முதன்முதலில் திட்டு வாங்கியது ஒரு எலியால். குளிர்காலத்தில் ஒரு கார் மேடு ஏறவே மாட்டேன் என்கிறது, எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் கழுத்துவரை நாய்த் தீனி. பக்கத்து வீட்டு நாயின் தட்டிலிருந்து எலி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து குளிர்காலச் சேமிப்புப் போட்டிருக்கிறது. "எலிதான்" என்று சிரித்தேன். "எலியைப் பார்த்தாயா?" என்றார் வால்ட்டர். பார்க்கவில்லை. அறிக்கையில் 'நாய்த் தீனி' என்று மட்டும் எழுதினோம்.

காருக்கும் மூக்கு உண்டு என்பதை நான் மனதில் பதித்துக்கொண்டது அப்போதுதான். கார் கம்பெனி அந்த மூக்கை பானெட்டுக்கு அடியில் உயரமான இடத்தில், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைக்கிறது. மழையும் பனியும் நேராக நுழையாதபடி காற்றை வளைத்துச் சுற்றி எடுக்கிறது. கார்ப் பைத்தியங்கள் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, வெளிச் சந்தையில் கிடைக்கிற ஒரு குழாயை வாங்கி மாட்டுவார்கள். கோல்ட் ஏர் இன்டேக் என்று பெயர். எஞ்சின் சூடு படாத இடம் வேண்டும் என்று குழாயைக் கீழே இறக்கி, முன் பம்பருக்குப் பின்னால், சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கூம்பு ஃபில்டரில் கொண்டுபோய் முடிப்பார்கள். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடுதல். பவர் கொஞ்சம் ஏறும், ஓர் உறுமலும் வரும். பனியே விழாத கலிஃபோர்னியா சன்னிவேலில் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு ஒரு கேடும் இல்லை. நியூ ஜெர்சியில் பனி விழும் மாதங்களில் அந்த ஃபில்டர் இருக்கும் இடம், சக்கரம் வாரி இறைக்கிற பனிச்சேற்றுக்கு நேர் எதிரில். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் குளிர்காலம் வந்ததும் அதைக் கழற்றிவிட்டுக் கம்பெனிப் பெட்டியையே திரும்ப மாட்டிவிடுவார்கள்.

சுகன்யாவுக்கும் விவரம் தெரியும். தெரிந்துதான் இருந்தது.

சுகன்யா கோபிச்செட்டிபாளையத்துப் பெண். பிஸ்கட்டவேயில் சாஃப்ட்வேர் வேலை. முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. சின்ன டர்போ கார் ஒன்று வைத்திருந்தாள். அதில் பாதி வேலையைத் தானே செய்துகொள்வாள். ஆபீஸ் முடிந்து வீடு திரும்பும் ஒரு சாயங்காலம் பனிப்புயல் அடித்தது. 287 ஃப்ரீவேயில் இடது லேனில் போய்க்கொண்டிருந்த அவள் காரின் எஞ்சின் இழுவை இழந்தது. ஹஸார்டு விளக்கைப் போட்டு ஓரத்துக்கு ஒதுங்கப் பார்த்திருக்கிறாள். பின்னால் வந்த ட்ரக்குக்காரனுக்குக் கண்ணே தெரியவில்லை. அங்கேயே போய்விட்டாள்.

காரின் கம்ப்யூட்டரில் கடைசிச் சில நொடிகள் பதிவாகியிருந்தன. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்திருக்கிறாள். வேகம் மட்டும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. எத்தனையோ பதிவுகளைப் பார்த்தவள் நான். அதைப் பார்த்தபோது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திரும்ப உட்கார்ந்தேன்.

அவளுடைய இன்ஷூரன்ஸ் கம்பெனி எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: கார் ஏன் இழுக்காமல் போனது? வண்டியை, அடிபட்ட கார்களை இழுத்துவந்து போடுகிற ஒரு டோ யார்டில், ஹீட்டர் இல்லாத கொட்டகையில் வைத்திருந்தார்கள். பின்னாலிருந்து இடித்ததால் பின்பாதி அப்பளம், முன்பாதியில் ஒரு கீறல்கூட இல்லை. கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நானும் வால்ட்டரும் சுற்றினோம். முன் சீட்டுக்கு அடியில் அவளுடைய டிபன் பாக்ஸ் கிடந்தது. அதையும் சேர்த்துத்தான் கண்ணால் பார்க்க வேண்டும்.

மூன்றாவது சுற்றில் பம்பரைக் கழற்றினோம். ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய பனிக்கட்டி. கட்டிக்குள் ஏதோ பழுப்பு நிறத்தில், மயிர் மயிராக. செத்த அணில் என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. குனிந்து டார்ச் அடித்தேன். பின்னல் தெரிந்தது. கம்பளிப் பின்னல். உச்சியில் ஒரு குஞ்சம்.

"என்ன அது?" என்றார் வால்ட்டர்.

எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் மார்கழி மாதம் வாக்கிங் போகிற எந்தப் பெரியவரையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி, காதையும் கழுத்தையும் சேர்த்து மூடுகிற மங்கி குல்லா. பனி காதுக்குள் போனால் சளி பிடிக்கும், நெஞ்சைக் கட்டும், ஆளையே சாய்த்துவிடும் என்று நம் வீடுகளில் எந்த அப்பாவும் அதை மாட்டாமல் வாசல் தாண்டுவதில்லை. ஃபில்டரைத் தலையாக நினைத்து, முகம் தெரிகிற ஓட்டையைப் பின்பக்கம் திருப்பி, கழுத்தில் வெள்ளை நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது.

"தொப்பி" என்றேன். "அவள் வீட்டில் ஊரிலிருந்து வந்த அப்பா இருக்கிறார்."

"பார்த்தாயா, நினைத்தாயா?"

"நினைத்தேன்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வால்ட்டர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் இருந்தவர்களை விசாரிப்பது வழக்கம். தமிழ் தெரிந்தவள் என்று என்னைத்தான் அனுப்பினார்கள். அப்பா இருந்தார். நாச்சிமுத்து என்று பெயர், தபால் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து வெகு நாளாயிற்று. மகளோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார். வீட்டுக்குள்ளேயே நீல நிறத்தில் ஒரு புது அமெரிக்கக் குல்லா போட்டிருந்தார்.

"வாங் மேடம், உக்காருங். காபி சாப்புடறீங்ளா மேடம்?"

வேண்டாம் என்றேன். கேள்விகளை ஆரம்பித்தேன். என் தமிழைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். "மேடத்துக்கு எந்த ஊருங்?"

"பொள்ளாச்சிங்க."

"அட, நம்ம பக்கம்! சொல்லுங் அம்மிணி, என்ன கேக்கோணும்?"

ப்ரியா, இந்த இடத்தைக் கவனி. மேடம் போய் அம்மிணி வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அம்மிணி என்றால் வீட்டுப் பெண், தங்கை, மகள். மேடம் சொல்வது பரிசோதனை முடிவு. அம்மிணி சொல்வது வீட்டு மனுஷி சொல்வது. எனக்கும் அப்போது அது உறைக்கவில்லை. உறவு சொல்லிக் கூப்பிட்டதும் உள்ளுக்குள் இனிப்பாகத்தான் இருந்தது.

நான் கேட்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார்.

"அந்தக் கொழாய மாட்டறப்ப நாந்தானுங் டார்ச் புடிச்சேன். 'இது கோல்ட் ஏர் இன்டேக் பா, வெளிய இருக்கற குளிர் காத்த உறிஞ்சும், வண்டி பிச்சுக்கிட்டுப் போவும்'னா. ஏம்புள்ள, குளிர் காத்து நேரா மூக்குல போனா மனுசனுக்கே ஆவறதில்ல, வண்டிக்கு ஆவுமான்னு கேட்டேன். சிரிச்சா. நெம்ப சிரிச்சா. பனி ஆரம்பிச்சா பழைய டப்பாவ மாட்டிப்போடோணும்னு அவளேதான் சொன்னா. டப்பா கராஜுல அலமாரி மேலதானுங் இருக்குது. இந்த வாரம், அடுத்த வாரம்னு ஆபீஸ் வேலையிலயே போச்சு. அன்னிக்கி டிவியில பனி வருது பனி வருதுன்னு சொன்னானுங். அவ குளிக்கப் போயிருந்தா. எனக்கு இந்தப் புதுக் குல்லாய வாங்கிக் குடுத்திருந்தா பாருங், 'அந்தக் குல்லாயப் போட்டுக்கிட்டு மாலுக்கு வராதீங்கப்பா, மானம் போவுது'ன்னு. பழசு சும்மாத்தான கெடக்குதுன்னு, கைய வுட்டு அதுக்கு மாட்டிவுட்டேனுங். முறுக்கு டப்பா சுத்தி வந்த நூல்ல கட்டினேன். அவகிட்டச் சொல்லலைங். சொன்னா மறுக்காவும் சிரிப்பாளேன்னு."

அவர் குரல் அதுவரை சரியாகவே இருந்தது. "ஏனுங் அம்மிணி" என்றார். "நாந்தானுங்ளா?"

தெரியாது, சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றேன். அது உண்மை. வாசல் வரை வந்து வழியனுப்பினார். என் தலையைப் பார்த்துவிட்டு, "பனி கொட்டுதுங், காதுக்கு ஒண்ணும் போடாம வந்துட்டீங்ளே" என்றார்.

அந்தச் சோதனையை வால்ட்டர் நடத்திய மாதிரி அவர் வேறெதையும் நடத்தி நான் பார்த்ததில்லை. அதே மாடல் கார், அதே குழாய், அதே ஃபில்டர். குல்லா வேண்டுமே? அமெரிக்கக் கடையில் எங்கே கிடைக்கும்? என் வீட்டுக்காரருடைய பழைய குல்லாவைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளியே கடுங்குளிர் விழும் நாளாகப் பார்த்து, யார்டில் காரை உருளை மேல் ஏற்றிச் சக்கரத்தைச் சுழலவிட்டு, எதிரிலிருந்து பெரிய ஃபேனால் காற்றடித்து, சக்கரம் இறைப்பதுபோல் பனிச்சேற்றை இறைத்தோம். முதலில் குல்லா இல்லாமல். ஃபில்டரின் மடிப்புகளில் பனி அப்பி, மேலே மெல்லிய ஓடாக இறுகி, எஞ்சின் திணறியது. துடைத்து, காயவைத்து, குல்லாவோடு. முதலில் கம்பளி சேற்றைத் தடுத்தது. பிறகு நனைந்து, உறைந்து, அதுவும் அடைத்துக்கொண்டது. எஞ்சின் திணறியது. ஆனால் குல்லா இல்லாததைவிடக் கொஞ்சம் தாமதமாக.

"இன்னொரு தடவை" என்றார் வால்ட்டர். முடித்தோம். "இன்னொரு தடவை." விரல்கள் மரத்துப்போய் எனக்குக் கெட்ட வார்த்தையே வந்துவிட்டது, தமிழில்தான். ஒவ்வொரு முறையும் அதே விடை. குல்லா இருந்தாலும் அடைக்கிறது, இல்லாவிட்டாலும் அடைக்கிறது. ஃபில்டர் இருந்த இடம் அப்படி.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அந்த மனிதருக்கு விடுதலை வாங்கிவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்று பாயசம் வைத்தேன் என்றால் நம்ப மாட்டாய். பெற்றவருக்கு முடிவைச் சொல்லலாம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் வாதாடி அனுமதி வாங்கியவர் வால்ட்டர்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் காரில் கொண்டுவந்து விட்டார். நாச்சிமுத்து எங்கள் அலுவலக மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார். தலையிலிருந்த நீலக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வால்ட்டர் பாக்கெட்டில் கையோடு உட்கார்ந்து, இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: உங்கள் குல்லா காரை நிறுத்தவில்லை. அது இல்லாமல் இருந்திருந்தாலும் அந்த ஃபில்டர் அடைத்திருக்கும்.

நான் தமிழில் சொன்னேன்.

"சரிங் அம்மிணி" என்றார். எனக்கு அந்தச் 'சரிங்' புரிந்துவிட்டது. துக்க வீட்டில் வருகிற எல்லோரும் சொல்வதைக் கேட்டுக்கொள்கிற சரி அது.

"ஆறுதலுக்குச் சொல்லலீங்கண்ணா. நெசமாவே சோதிச்சுப் பாத்தோம். பலதடவ பாத்தோம்."

"இருக்கட்டும் அம்மிணி. சுகன்யாவோட அம்மா போனப்பவும் டாக்டரு இப்படித்தானுங் சொன்னாரு. 'நீங்க நேரத்துக்குத்தான் கொண்டாந்தீங்க, உங்க மேல ஒண்ணும் இல்ல'ன்னாரு. நல்ல மனுசன். நீங்களும் நல்ல மனசுக்காரங்க."

நாம் அப்படித்தானே பழகியிருக்கிறோம்? சாவு வீட்டுக்குப் போனால் வலியே தெரிந்திருக்காது என்கிறோம். தூக்கத்தில் போன மாதிரி என்கிறோம். உன்னால் முடிந்ததை எல்லாம் செய்தாய் என்கிறோம். சொல்கிறவளுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும், அது மரியாதைக்கு. மேடம் சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார். பொள்ளாச்சி அம்மிணி சொன்னால்? என் வாயில் தமிழாக மாறியதுமே அந்தச் சோதனை முடிவு துக்க விசாரிப்பாகிவிட்டது. வால்ட்டரையே திரும்பச் சொல்ல வைத்தேன். நாச்சிமுத்து மரியாதையாகக் கேட்டுவிட்டு, "தொரை என்னங் சொல்றாரு?" என்று என்னைத்தான் பார்த்தார்.

"நம்பவில்லையா?" என்றார் வால்ட்டர்.

"நான் ஆறுதல் சொல்கிறேன் என்று நினைக்கிறார்."

வால்ட்டர் பேசாமல் இருந்தார். அவருடைய அந்தப் பழைய அமைதிதான். பிறகு அவர் செய்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் பாக்கெட்டிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். முன்னால் சாய்ந்து, யாரும் கேட்காத ஒரு விஷயத்தைச் சொன்னார்.

"அவரிடம் சொல். குல்லா உதவியது. குல்லாவோடு இருந்த ஃபில்டர் ஒவ்வொரு தடவையும் கூடுதல் நேரம் தாங்கியது. அவர் செய்தது மகளுக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்தது என்று சொல்."

அந்த மனிதரை அப்போது கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இவ்வளவு விசித்திரமான ஒன்றை ஆறுதலுக்காக யாரும் இட்டுக்கட்ட மாட்டார்கள், இதை நம்பித்தான் ஆகவேண்டும் என்று எனக்கும் தோன்றியது. ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

நம்பினார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மடியிலிருந்த குல்லாவைப் பிடித்திருந்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

"குல்லா இல்லாட்டி இன்னும் வெரசா அடைச்சிருக்குமுங்ளா?"

"ஆமாங்கண்ணா."

"வெரசான்னா... ஆபீசுல இருந்து பொறப்பட்டு, அந்தச் சின்ன ரோட்டுல சிக்னல் சிக்னலா வருவாளே. பெரிய ரோடு ஏறறதுக்கு முன்னால. அங்கயே நின்னிருக்குமுங்ளா வண்டி?"

அன்று புயல் எப்போது ஆரம்பித்தது, சின்ன ரோட்டில் எவ்வளவு பனி, எதுவும் என் நினைவில் ஓடவில்லை. எங்கள் சோதனையில் அந்தக் கேள்வியே இல்லை. யாரும் கேட்கவில்லை.

"தெரியலீங்க" என்றேன்.

"நின்னிருந்தா எனக்குப் போன் பண்ணியிருப்பா" என்றார். "அப்பா, வண்டி நின்னுபோச்சு, வர லேட்டாவும், நீங்க சாப்புட்டுருங்கன்னு சொல்லியிருப்பா."

அழவில்லை. மகள் வாங்கிக்கொடுத்த குல்லாவை எடுத்து, காதுகள் மூடும்படி நிதானமாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் வால்ட்டர்.

அவருடைய முகத்தைப் பார்த்தேன். எழுபதை நெருங்கிய மனிதர். கண்ணில் நீர் கோத்திருந்தது. கைகள் இன்னும் மேஜை மேலேயே இருந்தன. வாழ்நாள் முழுக்கக் கேட்டதற்கு மேல் பேசாமல் இருந்துவிட்டு முதல்முறையாகப் பேசியவர்.

"நன்றி சொல்கிறார்" என்றேன்.

வால்ட்டர் எழுந்து போய் நாச்சிமுத்துவின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். நாச்சிமுத்து தபால் ஆபீசில் கற்ற மரியாதையோடு எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "தேங்க்யூ சார்" என்றார். என் பொய்க்குச் சாட்சியே கிடைத்துவிட்டது.

வால்ட்டர் ஓய்வு பெற்றபோது ஒரு விருந்து வைத்தோம். அவருக்குப் பேச வராது, எல்லோரும் வற்புறுத்தினோம். பாக்கெட்டில் கையோடு நின்று சொன்னார்: "நான் உங்கள் எல்லோரையும் ஒரு வாக்கியம் அதிகமாகப் பேசாதே என்று பாடாய்ப் படுத்தினேன். நானே ஒரு தடவை அதிகமாகப் பேசினேன். இங்கே விஜயா சாட்சி. ஒரு தகப்பனார் அதற்கு எனக்கு நன்றி சொன்னார். என் வேலையில் நான் சந்தோஷப்படுகிற நாள் அது ஒன்றுதான்." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவருடைய நாற்காலி எனக்கு வந்ததும் நான் எழுதிய முதல் விதி, நீ எடுத்துவிடச் சொல்கிற அந்த விதிதான். வெளியிலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளருக்கு வால்ட்டரையும் தெரியாது, நாச்சிமுத்துவையும் தெரியாது. சொன்னதை அப்படியே சொல்லியிருப்பார். வால்ட்டர் கேள்வியைக் கேட்டிருப்பார். கேட்டிருந்தால், எனக்கு அவரைத் தெரியும், மறுநாளே அந்தச் சின்ன ரோட்டைப் போய்ப் பார்த்திருப்பார். சிக்னல் சிக்னலாக நின்று அளந்திருப்பார். "இல்லை, அங்கே நின்றிருக்காது" என்று விடை கிடைத்திருக்கலாம். நின்றிருக்கும் என்றும் கிடைத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த மனிதர் ஒரு பதிலோடு விமானம் ஏறியிருப்பார்.

கோபியில் இப்போது எப்படி இருக்கிறார், இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது. வால்ட்டர் ஃப்ளோரிடாவில் இருக்கிறார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கார்டு வருகிறது. நடுங்கும் கையெழுத்தில், கடைசி வரியாக, அந்தக் குல்லாக்காரர் சௌக்கியமா என்று கேட்கிறார்.

சௌக்கியம் என்று எழுதிப் போடுகிறேன்.